பதினைந்து நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி

டொக்டர் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "சீனி ஏறியிருக்கு, ஒரு நாளைக்கு அரை மணித்தியாலமாவது நடங்க" என்றார். நடக்கச் சொன்ன மனிதரிடம், "நடக்கிறதென்ன டொக்டர், ஓடுவன். நான் முந்தி ஓடின ஆள்தான்" என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே அன்று பின்னேரம் ஒரு சோடி சப்பாத்து வாங்கினேன்.

மகள் என் போனில் ஓட்டக்காரருக்கான செயலி ஒன்றை ஏற்றித் தந்தாள். "அஞ்சு கிலோமீற்றர், முப்பது நிமிசம். அதுதான் உங்கட இலக்கு, வாப்பா" என்று சொல்லி, கேட்காமலே அதில் பதிந்தும் விட்டாள். பாலாவிச் சந்தியில் எனக்கு ஒரு டயர் கடை இருக்கிறது. பின்னேரம் அஸர் தொழுததும் கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டு புத்தளம் ரோட்டில் இறங்குகிறேன். ஒவ்வொரு கிலோமீற்றர் முடியும்போதும் காதுக்குள் ஒரு பெண் ஆங்கிலத்தில் கணக்குச் சொல்கிறாள். லொறிக்காரர்கள் என்னைத் தெரிந்தவர்கள் ஆதலால் ஹோர்ன் அடித்து உற்சாகப்படுத்துகிறார்கள், அல்லது பகிடி பண்ணுகிறார்கள். எது என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

போன கிழமை புத்தளம் பக்கமாகப் போகும்போது அந்தப் பெண் சொன்ன கணக்கில் எனக்கே பெருமையாக இருந்தது. திரும்பி வரும்போது சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. கால் இரண்டும் பின்னுக்கு இழுத்தன. கொஞ்ச நேரத்தில், மனிதன் நின்றுவிட்டான் என்று முடிவுகட்டி, அந்தப் பெண் தானாகவே கணக்கை நிறுத்திவிட்டாள். நான் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். ரோட்டோரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது, இருபது வருடத்துக்கு முன்பு ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. "தம்பி, காத்து எந்தப் பக்கம்?" அந்தக் கேள்வியில் தொடங்கிய எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் பொறுமையான ஆள் என்பதால் சொல்கிறேன்.

நாங்கள் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்ட, உடுத்த துணியோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது எனக்கு நாலு வயது. கற்பிட்டி ரோட்டில் ஒரு தென்னந்தோட்டத்துக்குள் தென்னோலைக் கிடுகுக் கொட்டில்கள் போட்டு, கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லி எங்களை இருத்தினார்கள். அந்தக் கொஞ்ச நாளுக்குள் நான் வளர்ந்து, மீசை முளைத்து, ஓ.எல். பரீட்சையும் எழுதி முடித்துவிட்டேன்.

கடலுக்கும், கடல்நீர் தேங்கிக் கிடக்கும் களப்புக்கும் நடுவில் நீட்டிக்கொண்டு கிடக்கும் அந்த நிலத்தில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. வைகாசியில் சோளகம் தொடங்கினால் புரட்டாதிவரை தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். கொடியில் காயப்போட்ட சாரத்தைப் பக்கத்து முகாமில் போய்த் தேட வேண்டும். சோற்றில் மண் கடிபடும், அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். பேசிப் பேசி அலுத்து, கடைசியில் காற்று என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், பிறகு நீங்கள் என்னை மடையன் என்று நினைக்கக் கூடாது. நினைத்தாலும் பரவாயில்லை, நானே பல தடவை நினைத்ததுதான்.

அஸருக்குப் பிறகு அந்த ரோட்டில் மரக்கறி லொறிகள் புறப்படும். பீட்ரூட், மிளகாய், சின்ன வெங்காயம் என்று ஏற்றிக்கொண்டு பாலாவி வழியாகத் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகும். கரீம் காக்காவின் லொறியில், மூட்டைகளுக்கு மேல், எனக்கும் ரிஸ்வானுக்கும் நிரந்தர இடம் இருந்தது. ரிஸ்வான் என் மாமியின் மகன். என் வயது, என் உயரம், சப்பாத்து அளவுகூட ஒன்றுதான். புத்தளம் பொலச் சந்தையில் வாங்கிய ஒரே ஒரு சோடி நல்ல சப்பாத்தை இரண்டு பேரும் மாறி மாறிப் போட்டோம், மற்றவனுக்கு வெறுங்கால். இன்றைக்கும் வெங்காய மூட்டை வாசனை வந்தால் என் கெண்டைக்கால் தானாக இறுகும். என் மனைவி வெங்காயம் உரிக்கும்போது நான் எழுந்து அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்து, "குசினிக்குள்ள என்ன தேடுறீங்க?" என்பாள். அவளுக்கு இதையெல்லாம் சொல்லி விளங்கவைக்க முடியாது.

முகாமிலிருந்து தெற்கே ஐந்தாவது கிலோமீற்றர் கல்லடியில் காக்கா லொறியை மெதுவாக்குவார். நாங்கள் குதிப்போம். அங்கிருந்து வீட்டுக்கு ஓட்டம். ஏன் போகும்போதும் ஓடவில்லை என்று கேட்பீர்கள். உம்மாவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: "மஃரிபு பாங்கு சொல்றதுக்கு முன்னால வீட்ட நிக்கோணும்." பொழுதுபடுவதற்குள் போகவும் வரவும் ஓடுவதற்கு நேரம் கிடையாது. இன்னொன்றும் உண்டு. எங்கள் வாப்பாமார் மன்னாரில் பாய் விரித்து வள்ளம் விட்டவர்கள். காற்றைப் பின்னால் எடுத்துக்கொண்டு போவதுதான் எங்கள் வீடுகளில் புத்தி. அதற்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு வேண்டுமென்றே போகிறவனுக்கு விசர். ஆகவே லொறியில் தெற்கே போய், காலால் வடக்கே வருவது நாங்கள் யோசித்துச் செய்த காரியமே அல்ல.

பொழுதுபோக்குக்காக ஓடினோம் என்று நினைக்க வேண்டாம். நீர்கொழும்புப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலை இருந்தது. கம்பனிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளுக்காக அவர்கள் சொந்தமாக ஓட்டக் குழு வைத்திருந்தார்கள். வருடத்தில் ஒருநாள் ஆள் எடுப்பார்கள். ஐயாயிரம் மீற்றரைப் பதினாறு நிமிடத்துக்குள் ஓடுகிறவனுக்கு வேலை. நிரந்தர வேலை, தங்க இடம், சாப்பாடு. படிப்பு எவ்வளவு, எந்த ஊர், எந்த முகாம், எப்போது திரும்பிப் போவீர்கள் என்ற கேள்வியெல்லாம் இல்லை. எங்களைப் போன்றவர்களிடம் ஊர் கேட்காத ஓர் இடம் இருக்கிறது என்பதை நாங்கள் நம்பவே இரண்டு நாள் எடுத்தது.

வாப்பா மௌத்தான பிறகு உம்மா வெங்காயத் தோட்டங்களில் புல்லுப் பிடுங்கித்தான் என்னையும் தங்கைமாரையும் வளர்த்தா. நான் ஓடப் போகிறேன் என்றதும் முதலில் சிரித்தா. வேலை என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டா. அடுத்த நாளிலிருந்து எனக்கு மட்டும் ஒரு முட்டை அவிந்தது. தங்கைமார் அந்த முட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வேறு பக்கம் திரும்பிச் சாப்பிடுவேன். "வேல கிடைச்சா முதல்ல இந்தக் கிடுக எடுத்திட்டுத் தகரம் போடுவம்" என்று உம்மா சொல்லுவா. சமையல் நேரத்தில், தொழுது முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில், எப்போதும் அந்தத் தகரம்தான் பேச்சு.

நேரம் பார்ப்பது ரிஸ்வானின் மணிக்கூடு. சவூதியிலிருந்து அவனுடைய மாமா அனுப்பியது, பொத்தானை அமத்தினால் விநாடி ஓடும். தொடக்கத்தில் பதினாறரை நிமிடம் எடுத்தது. ஆனி பிறந்தபோது பதினாறு. ஆடியில் பதினைந்து ஐம்பது, பிறகு பதினைந்து நாற்பது. ரிஸ்வான் எப்போதும் எனக்கு ஒரு மின்கம்பம் பின்னால் வருவான், அவனும் பதினாறுக்குள்தான். முகாமுக்கே எங்கள் நேரம் தெரியும். கடைக்காரர் எனக்குத் தேத்தண்ணி தரும்போது, "இண்டைக்கு எத்தின?" என்பார். பெரியவர்கள் எங்களைக் கண்டால் வழிவிட்டு நிற்பார்கள். பதினாறு என்ற எல்லையை எவனோ சோம்பேறி வைத்திருக்கிறான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பதினைந்தரை ஓடிக் காட்டினால் மேலதிகாரி வேலை தருவார்களா என்றுகூட ரிஸ்வான் கேட்டான். அவனுடைய ஆசை அப்படிப்பட்டது.

தேர்வு நாளுக்கு கரீம் காக்காவின் லொறியிலேயே போனோம். புல் வளர்ந்த மைதானம், சுண்ணாம்பால் போட்ட கோடு. நான் வட்டமாக ஓடியது பாடசாலை விளையாட்டுப் போட்டியோடு சரி. முதல் சுற்றில் முன்னால் போனேன். ஒரு பக்கம் போகும்போது பறந்தேன், மறுபக்கம் வரும்போது யாரோ நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே கை. ஐந்தாறு சுற்றில் ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். பதினேழு நிமிடமும் சொச்சமும் எடுத்தேன். ரிஸ்வான் எனக்குப் பின்னால் வந்து, கோட்டைத் தாண்டி விழுந்து படுத்தான். நான் அவன் மணிக்கூட்டைப் பிடித்துப் பார்த்தேன், பழுதாகிவிட்டதோ என்று.

பயிற்றுனர் சிங்களவர், மெலிந்த மனிதர். தமிழ் கொஞ்சம் தெரியும். நான் போய், "சேர், நாங்க வீட்ட பதினஞ்சு நாப்பதில ஓடுறனாங்க" என்று முறையிட்டேன். அவர் கோபப்படவில்லை. எங்கே ஓடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"தம்பி, காத்து எந்தப் பக்கம்?"

"பின்னால சேர்."

"சரி. திரும்பிப் போகக்குள்ள?"

"திரும்பி ஓடுறதில்ல சேர். லொறியில போவம்."

அவர் பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு சிங்களம் நன்றாகவே விளங்கும். "இந்தப் பையன்கள் ஓடவில்லை, பாய் கட்டி வந்திருக்கிறார்கள்" என்றார். பாவம், எங்கள் வாப்பாமாரின் தொழில் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் சிரித்திருப்பார்.

திரும்பி வரும் வழியில் ரிஸ்வான் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்ப எங்கட உண்மையான நேரம் என்ன மச்சான்?" வேலை போனது ஒரு பக்கம். எத்தனை மாதம் ஓடி, எவ்வளவு வேகமாக ஓடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் இருப்பது அதைவிட எரிச்சலாக இருந்தது. உம்மாவிடமும் சொன்னேன். அடுத்த நாள் முட்டை அவியவில்லை. அதற்கு அடுத்த நாள் அவிந்தது. அதைச் சாப்பிடுவது முந்திய நாளைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வருடத் தேர்வுக்கு ஓடித்தான் தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். காற்றுக்கு எதிரே ஓடினோம். தெற்கே ஓடிவிட்டு, காக்காவின் லொறி அந்நேரம் வடக்கே வராது என்பதால், சரக்கு இறக்கித் திரும்பும் வெறும் லொறிகளைக் கைகாட்டி மறித்தோம். பத்தொன்பது நிமிடம், இருபது நிமிடம். ரோட்டில் நின்று பார்க்கிறவர்கள், "என்ன தம்பிமார், காலில வருத்தமா?" என்று கேட்பார்கள். ஐப்பசி பிறந்ததும் காற்றுத் திரும்பி வாடை அடித்தது. இப்போது தெற்கே ஓடினால் சுகம், வடக்கே ஓடினால் கஷ்டம். போகும்போதைய நேரத்தையும் வரும்போதைய நேரத்தையும் கூட்டி இரண்டால் பிரித்தால் சரியாக வருமா என்று பாடசாலையில் கணித சேரிடம் கேட்டேன். வராது என்றார். ஏன் வராது என்று விளக்கினார். அது எனக்கு விளங்கவில்லை, வராது என்பது மட்டும் விளங்கியது. ஒரு மனிதன் எத்தனை நாளைக்குத்தான் காற்றோடு சண்டை பிடிப்பான்?

களப்பை யோசித்தது நான்தான். ரிஸ்வான் இதையும் தான்தான் என்று சொல்வானோ என்னவோ, அவனிடம் நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் வெயில் ஏறியதும் களப்போரத்தில் தண்ணீர் வற்றி, பெரிய வெளி ஒன்று இறுகிக் கிடந்தது. மேலே உப்புப் பொருக்கு வெள்ளையாக இருக்கும், கம்பால் கீறினால் கீழேயிருக்கும் சேறு கறுப்புக் கோடாகத் தெரியும். விடியக்காலை சுபஹுக்குப் பிறகு கொஞ்ச நேரம் காற்று படுத்திருக்கும். அங்கே நானூறு மீற்றருக்கு ஒரு வட்டம் போட்டால், காற்று எழும்பினாலும் பாதி முன்னால், பாதி பின்னால். பொய் சொல்லாத இடம் என்று நினைத்தோம்.

நடுவில் ஒரு முளையை அடித்து, வலைக் கயிறு கட்டி, மறுமுனையில் கம்பைப் பிடித்து ஒருவன் சுற்றி நடந்தால் வட்டம் வந்துவிடும். கயிற்றின் நீளம்தான் விசயம். நூலும் ஊசியுமாக வீட்டில் தையல் தைக்கும் ரிஸ்வானின் ராத்தாவிடம் அளவுநாடாவை இரவல் வாங்கி, அறுபத்துமூன்று மீற்றரும் கொஞ்சமும் அளந்தோம். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில் எங்களுக்குள் சண்டை வந்து, ஒரு சாண் வைத்து முடித்தோம். தும்புக் கயிறு நனைந்தால் சுருங்கும், இழுத்தால் நீளும். நாங்கள் களப்புத் தண்ணீரில் நனைத்தும் இருந்தோம், பலம் உள்ள மட்டும் இழுத்தும் இருந்தோம். சரி, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும். அப்படித்தான் அன்று நினைத்தேன்.

சப்பாத்து ஒரு சோடி, மணிக்கூடு ஒன்று. ஆகவே ஒரு நாள் நான் ஓட அவன் நேரம் பார்ப்பது, அடுத்த நாள் அவன் ஓட நான் பார்ப்பது. ஐயாயிரம் மீற்றருக்குப் பன்னிரண்டரைச் சுற்று. எண்ணிக்கை தவறிவிடுமே என்று வாப்பாவின் தஸ்பீஹ் மணியை எடுத்துப் போனேன். ஒரு சுற்றுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். மன்னாரிலிருந்து வரும்போது வாப்பா கையில் கொண்டுவந்த ஒரே பொருள் அது. நான் அதை எவரிடமும் கொடுப்பதில்லை. அன்று கொடுத்தேன். ரிஸ்வான் முளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு கையில் மணிக்கூடும் ஒரு கையில் தஸ்பீஹுமாக, "போ" என்றான்.

அந்த ஓட்டத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? காற்றே இல்லை. பின்னால் தள்ளவும் இல்லை, முன்னால் மறிக்கவும் இல்லை. என் மூச்சுச் சத்தத்தை நானே கேட்டது அன்றுதான் முதல் தடவை. பொருக்கு காலடியில் நொறுங்கும் சத்தம், ஒவ்வொரு சுற்றிலும் என் முந்திய சுற்றின் தடம் முன்னால் கிடக்கும். களப்பின் சேற்று நாற்றம் நெஞ்சு நிறைய ஏறும். எட்டாவது சுற்றில் கால் போய்விட்டது. அதற்குப் பிறகு ஓடியது உம்மாவின் தகரக் கூரை. முடித்துவிட்டு நடக்க முடியாமல் வட்டத்துக்குள் கவிழ்ந்து கிடந்தேன். ரிஸ்வான் ஓடிவந்து மணிக்கூட்டை என் மூக்குக்கு நேரே பிடித்தான். பதினைந்து ஐம்பத்தெட்டு. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். யாரும் தள்ளிவிடாமல், நானே ஓடிய நேரம்.

வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னேன். "அது கூடவா, குறைவா?" என்று கேட்டா. "பதினாறுக்குக் குறைவு உம்மா, வேலைக்குக் காணும்" என்றேன். அவ அன்று தங்கைமாருக்கும் முட்டை அவித்தா. அடுத்த நாள் ரிஸ்வான் ஓடினான். ஏழாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டான். அதற்கு அடுத்த நாள் களப்பில் தண்ணீர் ஏறி வட்டம் போய்விட்டது. எனக்குக் கவலையில்லை, என் நேரம் என்னிடம் இருந்தது.

தேர்வு நாள் எப்போது என்று விசாரிக்க இரண்டு பேரும் பஸ் பிடித்துத் தொழிற்சாலைக்குப் போனோம். வாசலில் நின்ற காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார். ஓட்டக் குழுவைக் கலைத்துவிட்டார்களாம். புதிதாக வந்த முகாமையாளருக்குக் கிரிக்கெட்டில்தான் பைத்தியமாம். "கிரிக்கெட் விளையாடுவீங்களா? அதுக்கு ஆள் எடுக்கிறாங்க" என்றார். எனக்கு அந்த விளையாட்டில் பந்தைப் பொறுக்கி எறியக்கூடத் தெரியாது. நான் "இல்லை" என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், பக்கத்தில் நின்ற ரிஸ்வான், "நான் போலிங் போடுவன்" என்கிறான். முகாமில் தென்னை மட்டையும் டென்னிஸ் பந்துமாக விளையாடியதைத்தான் சொன்னான். ஒரு கிழமையில் அவனை எடுத்துவிட்டார்கள். ஆறு வருடம் அங்கே வேலை செய்தான். மாமி வீட்டுக்குத் தகரம் ஏறியது. மழை பெய்தால் அந்தச் சத்தம் எங்கள் கொட்டிலுக்குக் கேட்கும். உம்மா அதைக் கேட்டுக்கொண்டு எங்கள் கிடுகு ஒழுகும் இடத்தில் சட்டி வைப்பா. பதினைந்து ஐம்பத்தெட்டை வைத்துக்கொண்டு நான் கரீம் காக்காவின் லொறியில் மூட்டை ஏற்றப் போனேன். பிறகு டயர் மாற்றப் பழகினேன். பிறகு கடை. எங்கள் வீட்டுக்குக் கூரை மாறியபோது எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

மனதுக்குள் நான் அவனோடு ஒரு கணக்கை முடித்து வைத்திருந்தேன். வேலை உனக்கு, நேரம் எனக்கு. நியாயமான பங்கீடு இல்லை, ஆனாலும் ஒரு பங்கீடு.

அன்று காதுக்குள் பேசும் பெண் என்னைச் செத்தவனாக்கிய பிறகு, அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு களப்போரம் போனேன். அந்த வெளியைப் பார்க்க வேண்டும், கயிறு சரியாகத்தான் இருந்ததா என்று ஒருதடவை அளக்க வேண்டும் என்று பைத்தியக்கார ஆசை. போய்ப் பார்த்தால் கம்பி வேலி. வேலிக்கு உள்ளே இறால் வளர்க்கும் குளங்கள், வரிசையாகத் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும் சக்கரங்கள். காவலுக்கு நின்றவர் வந்து, "என்ன தேடுறீங்க?" என்று கேட்டார். "இங்க முந்தி ஒரு வட்டம் இருந்த" என்றேன், வேறென்ன சொல்வது என்று தெரியாமல். "வட்டமா? இங்க தண்ணிதான் ஈக்கிது" என்றார். உண்மைதான், தண்ணீர்தான் இருந்தது.

அங்கே நின்றபடியே ரிஸ்வானுக்கு அழைத்தேன். அவன் இப்போது டோஹாவில் பஸ் ஓட்டுகிறான்.

"மச்சான், களப்பில வட்டம் கீறினம், ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? பதினஞ்சு அம்பத்தெட்டு" என்றான் உடனே.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு காலம் கழித்து, கேட்ட கணத்தில், விநாடி பிசகாமல் சொல்கிறான். ஒரு சாட்சி இருக்கிறான் என்று நெஞ்சு நிறைந்தது.

"நேத்தும் எண்ட மகனுக்குப் போனில சொன்னன்" என்றான். "உண்ட வாப்பா உன்ன மாதிரி சோம்பேறி இல்லடா, அந்தக் காலத்தில பதினஞ்சு அம்பத்தெட்டில ஓடினவன் எண்டு."

"ஆர் ஓடின?"

"நான்தான். நீதானே நேரம் பாத்த."

"ரிஸ்வான், ஓடினது நான். நீ அடுத்த நாள் ஓடி, விலாப் பிடிச்சுக் குந்தினாய்."

"குந்தினது நீடா. நான் உன்னைத் தோளில பிடிச்சுக் கொண்டு வந்தனே." அவன் சிரித்தான். "சரி, இதைச் சொல்லு. தஸ்பீஹ் ஆருட கையில இருந்த?"

"உண்ட கையில."

"அது உண்ட வாப்பாட தஸ்பீஹ். உண்ட உம்மாக்கே தொடக் குடுக்கமாட்டாய். எண்ட கையில தந்தியாமா?"

"அண்டைக்குத் தந்தன்."

"போடா விசரா" என்றான், அன்போடுதான். அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். பொய்க்கு எப்போதும் சத்தியம் பண்ணுவான். இதற்கு அவன் சத்தியம் பண்ணவில்லை. பஸ் எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டான்.

நான் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு அந்தக் குளங்களைப் பார்த்தபடி நின்றேன். கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. கயிறு குட்டையாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகம்கூட இப்போது சின்ன விசயமாகிவிட்டது. தொழிற்சாலையில் ஓட்டக் குழு இல்லை. முகாம் இருந்த தென்னந்தோட்டத்தில் ஹோட்டல் வந்துவிட்டது. கரீம் காக்கா மௌத். உம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பா, அன்று காலையில் யார் வந்து வாசலில் நின்று நேரம் சொன்னது என்று. அவவும் போய் மூன்று வருடம். டோஹாவில் ஒரு மனிதன், அவனுடைய மகனுக்கு, என்னுடைய ஓட்டத்தைத் தன் ஓட்டமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தப் பையன் அதை நம்புகிறான், ஏன் நம்பக் கூடாது? என் மகளுக்கு நான் இதுவரை சொன்னதே இல்லை.

பதினைந்து ஐம்பத்தெட்டில் ஒருவன் அந்தக் களப்போரத்தில் ஓடினான் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமில்லை. அது நான்தான். அதைச் சொல்ல இனி என்னைத் தவிர ஆளில்லை.